பிஎம்எல் புள்ளிகள் மறைந்துவிட்டனவா? உட்கருவில் வைரஸைப் பார்க்கப் போகும் புதியவர்களுக்கு

முதல் ஏழு மாதத்தில் என்னிடம் தேறியது ஒரே ஒரு படம். ஹெர்பிஸ் வைரஸ் போட்ட செல்களில் பிஎம்எல் புள்ளி (உட்கருவுக்குள் புரதங்கள் திரண்டு நிற்கும் உருண்டை) ஒன்றுகூட இல்லை. மைக்ரோஸ்கோப் அறையிலிருந்து கைடு அறைக்கு ஓடினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: "வைரஸ் போடாத செல்லில் இருக்காப்பா?" அதை நான் பார்க்கவே இல்லை. போய்ப் பார்த்தேன். அதிலும் இல்லை. நான் எடுத்திருந்தது எலிச் செல். பிஎம்எல்லைப் பிடித்து ஒளிரக் காட்ட நான் போட்ட ஆன்டிபாடியோ மனிதப் புரதத்தை மட்டும் பிடிக்கிற வகை.

இந்த வேலையின் சங்கடமே இதுதான். நாம் தேடுவது ஒன்று காணாமல் போவதை. ஆன்டிபாடி கெட்டுப்போனாலும், செல் தவறானாலும், சாயம் உட்கருவுக்குள் போகாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிவது அதே காணாமல் போவதுதான். கீழே எழுதியிருக்கிற எல்லாமே, வைரஸ் அழித்ததையும் நாம் கோட்டைவிட்டதையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான். எம்எஸ்சி முடித்துவிட்டு வைராலஜி லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். செல் வளர்க்கத் தெரியும், பைப்பெட் பிடிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. உங்கள் வைரஸ் என்ன செய்யும் என்று முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள்

பிஎம்எல் ஒரு புரதம். உட்கருவுக்குள் எஸ்பி100, டாக்ஸ், ஏடிஆர்எக்ஸ் முதலிய கூட்டாளிகளோடு சேர்ந்து உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். ஓர் உருண்டை 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஓர் உட்கருவில் பெரும்பாலும் 5 முதல் 30 வரை எண்ணலாம். இதே உருண்டைகளுக்கு என்டி10 என்றும் பெயர் உண்டு; கட்டுரை தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடாவிட்டால் பாதி கிடைக்காது. சுமோ என்ற குட்டிப் புரதம் பிஎம்எல் மீது ஒட்டிக்கொள்வதால்தான் உருண்டை கலையாமல் நிற்கிறது. இந்தச் சுமோவை நினைவில் வையுங்கள், கடைசிப் படியில் மறுபடி வரும்.

வைரஸ் டிஎன்ஏ உட்கருத் துளை வழியே உள்ளே வந்ததும் இந்தப் புரதங்கள் அதைச் சூழ்ந்துகொண்டு அதன் ஜீன்கள் வாய் திறக்காமல் அமுக்கப் பார்க்கின்றன. அதிலிருந்து தப்ப ஒவ்வொரு வைரஸும் தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது. புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: எல்லா வைரஸும் புள்ளியை 'அழிக்கும்' என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் 1 நிஜமாகவே அழிக்கிறது. அதன் ஐசிபி0 என்ற புரதம் பிஎம்எல் மீது யுபிக்விட்டின் முத்திரை குத்த, செல்லின் சொந்தக் குப்பை அரைக்கும் எந்திரமான புரோட்டியசோம் அதை அரைத்துவிடுகிறது. சைட்டோமெகலோ வைரஸின் ஐஈ1 அப்படிச் செய்வதில்லை. அது பிஎம்எல் மீது சுமோ இல்லாமல் செய்துவிடும். புரதம் செல்லிலேயே இருக்கும், உருண்டை மட்டும் கலைந்து உட்கரு முழுக்கப் பரவிவிடும். அதே வைரஸ் தன் உறைக்குள் சுமந்துவரும் பிபி71 என்ற இன்னொரு புரதம் டாக்ஸைக் குறிவைக்கிறது. அடினோ வைரஸின் ஈ4-ஓஆர்எஃப்3 செய்வது இன்னும் விநோதம்: உருண்டைகளை இழுத்து நூல் நூலாக்கிவிடும். சேமியாவைத் தட்டில் கொட்டியது போல இருக்கும். முதன்முதலாகப் பார்த்தபோது சாயம் கட்டிதட்டிவிட்டது என்று நினைத்து ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

பாப்பிலோமா வைரஸ் நேர் எதிர். அதன் எல்2 புரதமும் டிஎன்ஏவும் இந்த உருண்டைகளைத் தேடிப் போகின்றன; பிஎம்எல் இல்லாத செல்லில் தொற்று குறைகிறது.

ஆக உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது: எந்த வைரஸ், எந்தப் புரதம், புள்ளி மறைய வேண்டுமா, பரவ வேண்டுமா, நூலாக வேண்டுமா, எத்தனை மணி நேரத்தில். இதை எழுதாமல் இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போடாதீர்கள்.

2. வைரஸ் இல்லாமலே தொடங்க முடியுமா என்று பாருங்கள்

முடியும். ஐசிபி0 ஜீனை மட்டும் தாங்கிய பிளாஸ்மிடை (வட்ட வடிவ டிஎன்ஏ துண்டு) செல்லுக்குள் செலுத்தினாலே பிஎம்எல் புள்ளிகள் மறையும்; இப்படிச் செலுத்துவதுதான் டிரான்ஸ்ஃபெக்ஷன். ஐஈ1, ஈ4-ஓஆர்எஃப்3 இரண்டும் அப்படியே தத்தம் மாற்றத்தைத் தனியாகச் செய்துவிடும். துணைக்கு வைரஸின் மற்ற புரதங்கள் தேவையில்லை.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. டிரான்ஸ்ஃபெக்‌ஷனில் எல்லாச் செல்லுக்கும் பிளாஸ்மிட் போகாது. ஆகவே ஒரே கவர்ஸ்லிப்பில் (செல் வளர்க்கும் மெல்லிய கண்ணாடி வில்லை), ஒரே சாயத்தில், ஐசிபி0 ஒளிரும் செல்லும் அது இல்லாத பக்கத்துச் செல்லும் கிடைக்கும். முதல் செல்லில் புள்ளி இல்லாமல், ஒட்டி இருக்கும் செல்லில் பளிச்சென்று இருந்தால் அதற்கு மேல் வாதமே வேண்டாம். பக்கத்து வீட்டுச் செல்தான் உங்கள் கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் செல்.

பிளாஸ்மிட் கேட்டு எழுதும்போது, ஐசிபி0-வின் ரிங் பகுதி (யுபிக்விட்டின் முத்திரை குத்தும் பகுதி) நீக்கப்பட்ட மாற்றுவடிவத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் எஃப்எக்ஸ்ஈ என்று வரும். அது பிஎம்எல் உருண்டைக்குப் போய் உட்காரும், ஆனால் அழிக்காது. இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் அந்தப் படம் கையில் இருந்தால், ஆன்டிபாடி வேலை செய்கிறதா என்று யாரும் கேட்க முடியாது.

3. காகித வேலையை பெஞ்ச் வேலைக்கு முன்பே தொடங்குங்கள்

இந்தியாவில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மரபு மாற்றிய உயிரிகள், ஆபத்தான நுண்ணுயிரிகள் தொடர்பான 1989 ஆம் ஆண்டு விதிகளின் கீழ் இத்தகைய வேலை நடக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிர்ப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். லேபில் இதை ஐபிஎஸ்சி என்றுதான் சொல்வார்கள். இந்தக் குழு ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அந்த இரண்டோடு சரி. நான் சேர்ந்தது கூட்டம் முடிந்த மறு வாரம். அடுத்த கூட்டம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேர்ந்த முதல் நாளே அடுத்த கூட்டத் தேதியையும் விண்ணப்பக் கடைசித் தேதியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லேபுக்கு ஏற்கெனவே அனுமதி இருந்தால் அந்தக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். உங்கள் வைரஸின் பெயரும் உங்கள் பிளாஸ்மிடும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'லேபுக்கு அனுமதி இருக்கு' என்று சீனியர் சொல்வது வேறு வைரஸுக்கான அனுமதியாக இருக்கலாம்.

விண்ணப்பத்தில் வழக்கமாகக் கேட்பவை: வைரஸின் ரிஸ்க் குரூப் (எவ்வளவு ஆபத்தானது என்ற வகை), லேபின் பாதுகாப்பு நிலை (பிஎஸ்எல்), பிளாஸ்மிட் வரைபடம், வேலை செய்பவர்கள் பெயரும் பயிற்சியும், கழிவை எப்படி அழிப்பீர்கள் என்ற விவரம். ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ், சைட்டோமெகலோ, அடினோ மூன்றும் ரிஸ்க் குரூப் 2. இவற்றுக்கு பிஎஸ்எல்-2 லேப் வேண்டும்.

இன்னொரு லேபிலிருந்து வைரஸோ பிளாஸ்மிடோ வாங்கினால் எம்டிஏ எனப்படும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் தேவை. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் கைடு மட்டுமல்ல, நிறுவனத்தின் அதிகாரம் பெற்ற அலுவலரும். நாங்கள் கைடு கையெழுத்தோடு அனுப்பினோம், திரும்பி வந்தது, மறுபடி அனுப்பி முடிக்க ஐந்து வாரம். வெளிநாட்டிலிருந்து வருவதாக இருந்தால் இறக்குமதி அனுமதியும் சேரும். ரிஸ்க் குரூப் 1, 2 வகைப் பொருள்களுக்கு ஐபிஎஸ்சி அளவிலேயே முடிவெடுக்கலாம் என்று உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-ல் நடைமுறையை எளிதாக்கியது. அதனால் அந்த வேலையும் அதே கூட்டத்தைத்தான் நம்பியிருக்கிறது. இரண்டு விண்ணப்பத்தையும் ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள்.

மனிதச் செல்லோடு வேலை செய்பவர்கள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மூன்று ஊசி: தொடக்கம், 1 மாதம், 6 மாதம். இதையும் முதல் வாரமே தொடங்கிவிடுங்கள். ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸுக்குத் தடுப்பூசி கிடையாது. அது கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும். கண்ணாடி போடாமல் ஹூடில் உட்காராதீர்கள்.

ஹூட் என்றதும் ஒன்று. பல லேப்களில் லாமினார் ஃப்ளோவையும் ஹூட் என்றே சொல்கிறார்கள். கிடைவாக்கில் காற்று ஊதும் லாமினார் ஃப்ளோ உங்கள் கல்ச்சரைக் காப்பாற்றும், காற்றை உங்கள் முகத்தில் அடிக்கும். வைரஸுக்குத் தேவை கிளாஸ் 2 பயோசேஃப்டி கேபினெட். அதன்மீது ஒட்டியிருக்கும் சான்றிதழில் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று பாருங்கள்.

கழிவு விஷயம் சுருக்கமாக: வைரஸ் பட்டதை முதலில் லேபிலேயே ஆட்டோக்ளேவ் செய்ய வேண்டும், கல்ச்சர் கழிவு மஞ்சள் பையில். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை பரிசோதனையை முடித்துவிட்டு ஊருக்குப் பஸ் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

4. செல்

மனிதச் செல்லை எடுங்கள். தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் கிடைத்தால் உத்தமம்: உட்கரு தட்டையாக, புள்ளிகள் தெளிவாக இருக்கும். இல்லாவிட்டால் ஹீலா போதும். புனேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையத்தின் களஞ்சியத்திலிருந்து வாங்கலாம். சைட்டோமெகலோ வைரஸுக்கு ஹீலா உதவாது, ஃபைப்ரோபிளாஸ்ட்தான்.

வீரோ செல்லில் வைரஸை எண்ணலாம், பெருக்கலாம். ஆனால் அது பச்சைக் குரங்கின் செல். உங்கள் ஆன்டிபாடி குரங்குப் புரதத்தைப் பிடிக்கும் என்று விவரத்தாளில் எழுதியிருந்தால் ஒழிய அதில் புள்ளி தேடாதீர்கள். யு2ஓஎஸ் இன்னொரு பொறி. அதில் பிஎம்எல் புள்ளி அழகாகத் தெரியும். ஆனால் அந்தச் செல்லில் ஏடிஆர்எக்ஸ் கிடையாது. ஐசிபி0 இல்லாத வைரஸ்கூட அதில் சுகமாக வளரும். 'ஐசிபி0 இல்லாவிட்டால் வைரஸ் திணறும்' என்பதைக் காட்ட யு2ஓஎஸ்ஸை எடுத்தால் திணறுவது நீங்கள்தான்.

மைக்கோபிளாஸ்மா (கல்ச்சரில் புகுந்துவிடும் மிகச் சிறிய பாக்டீரியா) சோதனை செய்யாத செல்லைத் தொடாதீர்கள். டிஎன்ஏவைக் காட்டும் டாப்பி சாயத்தில் உட்கருவுக்கு வெளியே பொடிப் பொடியாகப் புள்ளி தெரிந்தால், அது மைக்கோபிளாஸ்மாதான்.

5. ஆன்டிபாடி: பணம் போகும் இடம்

பிஎம்எல் ஆன்டிபாடி ஒரு குப்பி எங்களுக்கு 40,000 ரூபாயைத் தாண்டியது. சிஎஸ்ஐஆர் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெறுபவருக்கு ஆய்வுச் செலவுக்குத் தரும் கான்டின்ஜென்சி ஆண்டுக்கு 20,000 ரூபாய். அதாவது தவறான குப்பியை வாங்கினால் இரண்டு ஆண்டுக் கான்டின்ஜென்சி கரைந்துவிடும். இண்டென்ட் எழுதும் முன் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, எந்த உயிரியின் புரதத்தைப் பிடிக்கும். பரவலாகப் பயன்படும் பிஜி-எம்3 மனித பிஎம்எல்லைப் பிடிக்கும், எலியினுடையதைப் பிடிக்காது. என் ஏழு மாதக் கதை இதுதான்.

இரண்டாவது, எந்த விலங்கில் செய்தது. பிஜி-எம்3 எலி ஆன்டிபாடி. ஐசிபி0-வுக்குக் கிடைக்கும் நல்ல ஆன்டிபாடியும் எலியில் செய்ததே. இரண்டையும் ஒரே கவர்ஸ்லிப்பில் போட்டால் செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடி) இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்து பிரமாதமான 'ஒன்றிணைவு' கிடைக்கும். அத்தனையும் பொய். ஒன்று எலி என்றால் மற்றது முயலாக இருக்கட்டும்.

மூன்றாவதை எனக்கு யாருமே சொல்லவில்லை. ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் 1 தன்னுடைய ஜிஈ, ஜிஐ புரதங்களைச் செல்லின் மேற்பரப்பில் வைக்கும். அவை ஆன்டிபாடிகளின் வால்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள். மனித, முயல் ஆன்டிபாடிகளைப் பிடிக்கும், எலியினுடையதைப் பிடிக்காது. ஆகவே 16 மணி நேரத் தொற்றுக்குப் பிறகு முயல் ஆன்டிபாடி போட்டால், எதற்கான ஆன்டிபாடியாக இருந்தாலும் வைரஸ் புகுந்த செல் மட்டும் தகதகவென்று ஒளிரும். பிஎம்எல் 'உட்கருவை விட்டு வெளியேறுகிறது' என்று நான் குரூப் மீட்டிங்கில் ஸ்லைடே போட்டுவிட்டேன். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் பிளாக்கிங் கரைசலில் மனித சீரம் சேர்த்ததும் அந்த மாபெரும் கண்டுபிடிப்பு காற்றில் கரைந்தது. 2 முதல் 6 மணி நேரத்துக்குள் பார்ப்பதாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் மனித சீரம் சேர்த்துவிடுங்கள், செலவு ஒன்றும் இல்லை.

இறக்குமதிச் சரக்கு வர எங்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆனது. பர்ச்சேஸ் ஆர்டரில் ஸ்டோர்ஸ் நம்பரோடு உங்கள் கைபேசி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் முதல் குப்பி பொங்கலுக்கு முந்தைய நாள் மாலை வந்து, ஸ்டோர்ஸ் மேசையில் நான்கு நாள் கிடந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்தபோது உள்ளே வெந்நீர் இல்லை, அவ்வளவுதான். வந்ததும் பெட்டியை, ஐஸின் நிலையை, லேபிளைப் படம் எடுத்து விற்பனையாளருக்கு அன்றே அனுப்புங்கள். நாள் கடந்தால் மாற்றித் தர மாட்டார்கள்.

6. எவ்வளவு வைரஸ் ஊற்றுவது

எம்ஓஐ என்பது ஒரு செல்லுக்கு எத்தனை வைரஸ் என்ற சராசரி. சராசரி என்பதை மறந்துவிடுகிறோம். எம்ஓஐ 1 போட்டால் ஆளுக்கு ஒன்று கிடைக்காது. 100 செல்லில் சுமார் 37 செல்லுக்கு ஒன்றுமே கிடைக்காது. 3 போட்டால் சுமார் 5 செல் தப்பும். 5 போட்டால் ஒன்றுக்கும் குறைவு. எம்ஓஐ 1 போட்டுவிட்டு 'மூன்றில் ஒரு பங்கு செல்லில் பிஎம்எல் அழியவில்லை, எதிர்ப்புச் சக்தி!' என்று எழுதியவர்கள் உண்டு. அவை தொற்றே இல்லாத செல்கள். எத்தனை போட்டாலும் ஐசிபி0 சாயம் தெரிகிற செல்லை மட்டும் 'தொற்றியது' என்று எண்ணுங்கள்.

கணக்கு ஒன்று: வளர்ப்புத் தட்டின் ஒரு குழியில் 1 லட்சம் செல், எம்ஓஐ 5 என்றால் 5 லட்சம் வைரஸ் வேண்டும். ஸ்டாக்கில் மில்லிலிட்டருக்கு 5 கோடி இருந்தால் 10 மைக்ரோலிட்டர். அதை 200 மைக்ரோலிட்டர் மீடியத்தில் கலந்து ஊற்றுங்கள். செல் எண்ணிக்கையை முந்தைய நாள் மாலை விதைத்ததிலிருந்து எடுக்காதீர்கள்; ஹீலா ஒரே இரவில் கணிசமாகப் பெருகிவிடும். ஒரு குழியை இதற்கென்றே ஒதுக்கிக் காலையில் பெயர்த்து எண்ணுங்கள்.

ஸ்டாக்கைச் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். உருக்கி உறைய வைக்க ஒவ்வொரு தடவையும் வீரியம் குறையும்.

ஐசிபி0 இல்லாத வைரஸ் உங்களிடம் இருந்தால் கூடுதல் கவனம். யு2ஓஎஸ்ஸில் எண்ணினால் வரும் எண்ணிக்கை, ஃபைப்ரோபிளாஸ்ட்டில் எண்ணினால் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை இறங்கலாம். குழாயின் மேல் எண்ணிக்கையோடு எந்தச் செல்லில் எண்ணியது என்பதையும் எழுதுங்கள். எழுதாத குழாய் எங்கள் ஃப்ரீசரில் இன்னும் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

7. பரிசோதனை நாள்

2, 4, 6 மணி நேரம் பார்க்க வேண்டும் என்று வையுங்கள். எல்லாக் குழிக்கும் ஒன்றாக வைரஸ் ஊற்றி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு தட்டை எடுத்து ஃபிக்ஸ் செய்வதுதான் (ரசாயனம் ஊற்றிச் செல்லை அந்த நிலையிலேயே நிறுத்துவது) எல்லாரும் முதலில் செய்வது. செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஃபிக்ஸ் செய்யும் நேரம், கைப்பக்குவம், கரைசல் மாறும். தலைகீழாகப் போடுங்கள்: காலை 9 மணிக்கு 6 மணி நேரக் குழிக்கு வைரஸ், 11 மணிக்கு 4 மணி நேரக் குழிக்கு, பகல் 1 மணிக்கு 2 மணி நேரக் குழிக்கு. மாலை 3 மணிக்கு எல்லாவற்றையும் ஒரே கரைசலில் ஒன்றாக ஃபிக்ஸ் செய்யுங்கள். மதியச் சாப்பாட்டுக்கும் நேரம் கிடைக்கும். வைரஸ் ஊற்றியதைப் பூஜ்யமாக வைப்பதா, 1 மணி நேரம் ஒட்டவிட்டுக் கழுவியதை வைப்பதா என்று முன்பே முடிவு செய்து நோட்டில் எழுதுங்கள்.

தவிர்க்கக் கூடாத கன்ட்ரோல்கள்:

வைரஸ் இல்லாத குழி. சொல்லவே வேண்டாம், ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

முந்தைய நாள் மாலை இன்டர்ஃபெரான் பீட்டா (செல்லின் வைரஸ் எதிர்ப்பைத் தூண்டும் புரதம்) போட்ட குழி. பிஎம்எல்லும் எஸ்பி100-ம் இன்டர்ஃபெரானால் கூடும். மறுநாள் புள்ளிகள் எண்ணிக்கையிலும் பருமனிலும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் வைரஸைப் பற்றிப் பேசாமல் ஆன்டிபாடியைப் பாருங்கள்.

வைரஸோடு எம்ஜி132 போட்ட குழி. இது புரோட்டியசோமை நிறுத்தும் மருந்து. ஐசிபி0 இருந்தும் புள்ளி மிஞ்சினால், மறைவுக்குக் காரணம் புரோட்டியசோம்தான் என்று சொல்ல முடியும். இதை வைரஸோடு சேர்த்து ஊற்றக் கூடாது. வைரஸ் செல்லுக்குள் நுழைவதையே இந்த மருந்து தடுக்கும். 1 மணி நேரம் ஒட்டவிட்டுக் கழுவிய பிறகு போடுங்கள். மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓவை மட்டும் போட்ட குழியும் வேண்டும். எம்ஜி132-ஐ இரவு முழுக்க விட்டால் செல் செத்துவிடும்.

8. சாயம்

4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு 15 நிமிடம், கழுவல், சவ்வுகளைத் திறக்கும் 0.5 சதவீத டிரைட்டன் 10 நிமிடம், கழுவல், மனித சீரம் சேர்த்த பிளாக்கிங் அரை மணி. இதில் டிரைட்டனை விட்டுக்கொடுக்காதீர்கள். உட்கருவுக்கு வெளியே உள்ள புரதம் பார்க்கும் சீனியரின் சப்போனின் புரோட்டோகாலைக் கடன் வாங்கினால் அது வெளிச் சவ்வைத் திறக்கும், உட்கருச் சவ்வைச் சரியாகத் திறக்காது. மறுபடியும் புள்ளி இல்லை.

ஆன்டிபாடியைக் குழிக்குள் ஊற்றாதீர்கள். பெட்ரித் தட்டில் பாராஃபில்ம் விரித்து 30 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, 12 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்பை செல் பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் கவிழ்த்துங்கள். ஓரத்தில் ஈரத் துணி. 200-க்கு 1 நீர்ப்பில் ஒரு கவர்ஸ்லிப்புக்கு 0.15 மைக்ரோலிட்டர்தான் செலவு. குழிக்குள் 250 மைக்ரோலிட்டர் ஊற்றினால் 1.25. 100 மைக்ரோலிட்டர் குப்பி ஒரு வழியில் 80 கவர்ஸ்லிப்புக்கு வரும், இன்னொரு வழியில் 600-க்கு மேல். கவிழ்த்த பக்கத்தை மறந்துவிடுவது எல்லாருக்கும் நடக்கும். ஃபோர்செப்ஸ் நுனியால் ஓரத்தில் லேசாகக் கீறிப் பாருங்கள், கீறல் விழுவது செல் பக்கம்.

9. மைக்ரோஸ்கோப்பும் எண்ணலும்

கன்ஃபோகலுக்கு (ஆழம் வாரியாகப் படம் எடுக்கும் லேசர் மைக்ரோஸ்கோப்) மணிக் கணக்கில் கட்டணம். வெளி நிறுவனத்தவருக்குக் கூடுதலாகவே இருக்கும். அதனால் முதலில் உங்கள் துறையில் இருக்கும் சாதாரண ஃபுளோரசென்ஸ் மைக்ரோஸ்கோப்பில் சாயம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரம் பதியுங்கள். கவர்ஸ்லிப் 0.17 மில்லிமீட்டர் தடிமன், அதாவது 1.5 நம்பராக இருக்கட்டும். 63 மடங்கு எண்ணெய் லென்ஸ் அதற்கென்று செய்தது.

ஒரே தளத்தில் படம் எடுத்துப் புள்ளி எண்ணாதீர்கள். தட்டையாகத் தெரிந்தாலும் உட்கருவுக்கு ஆழம் உண்டு. புள்ளிகள் வெவ்வேறு ஆழத்தில் கிடக்கும். ஒரு தளத்தில் 3 தெரியும் உட்கருவை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்தால் 12 இருக்கும். ஒரு சாயம் மட்டும் போட்ட ஸ்லைடுகளையும் எடுத்துச் செல்லுங்கள், ஒரு நிறம் அடுத்த சேனலில் கசிகிறதா என்று தெரியும். வைரஸ் இல்லாத ஸ்லைடில் லேசர் அளவை நிறுத்திய பிறகு அதைக் கடைசி ஸ்லைடு வரை தொடக் கூடாது. 'மங்கலா இருக்கே' என்று கை துறுதுறுக்கும்.

பிரிந்துகொண்டிருக்கும் செல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது பிஎம்எல் வேறு விதமாகத் திரண்டுகொள்ளும், கூட்டாளிகள் விலகிவிடும். கோப்புகளுக்கு லேப் தோழி ஒருத்தியைக் குறியீட்டுப் பெயர் போடச் சொல்லிவிட்டு எண்ணுங்கள். எது வைரஸ் போட்டது என்று தெரிந்து எண்ணியபோது எனக்குச் சராசரி 2 வந்தது. தெரியாமல் எண்ணியபோது 4. அதே படங்கள்தான். எண்ண இலவச மென்பொருளான இமேஜ்ஜே போதும். எவ்வளவு ஒளிர்ந்தால் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும் வரம்பு அளவு எல்லாப் படத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

ஐசிபி0 இல்லாத வைரஸ் இருப்பவர்கள் ஒரு கவர்ஸ்லிப்பை இதற்கென்று ஒதுக்குங்கள். மிகக் குறைவாக வைரஸ் போட்டு, ஒரு தொற்றுத் திட்டு உருவாகும் வரை விட்டு, அந்தத் திட்டின் விளிம்பைப் பாருங்கள். புதிதாகத் தொற்றிய செல்லில் பிஎம்எல் புள்ளிகள் உட்கரு முழுக்கச் சிதறாமல், நோயுற்ற அண்டைச் செல்லைப் பார்த்த ஓரத்தில் மட்டும் வில்லாக வளைந்து நிற்கும். வைரஸ் டிஎன்ஏ அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது. புரதங்கள் அங்கேயே போய் வழிமறித்து நிற்கின்றன. இந்த ஒரு காட்சிக்காகவே மணிக் கட்டணம் கட்டலாம்.

10. வெஸ்டர்ன் ப்ளாட் செய்யும்போது பெல்லட்டைக் கொட்டாதீர்கள்

புள்ளி மறைந்தது என்பது படம். புரதமே அழிந்ததா, வெறுமே பரவிப்போனதா என்பதை, செல்லை உடைத்துப் புரதங்களை ஜெல்லில் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் ப்ளாட்தான் சொல்லும். ஐசிபி0 என்றால் பட்டைகள் குறைந்து போக வேண்டும்; ஐஈ1 என்றால் சுமோ ஒட்டிய மேல் பட்டைகள் போய், சுமோ இல்லாத பட்டைகள் நிற்க வேண்டும். பிஎம்எல்லுக்குப் பல வடிவங்கள், ஒவ்வொன்றின் மேலும் சுமோ. ஆகவே ஒற்றைப் பட்டை வராது. ஏணிப்படி போல வரும். அழுக்கு என்று நினைத்து ஆன்டிபாடியைக் குறை சொல்லாதீர்கள்.

செல்லை உடைத்த மறுகணமே செல்லின் சொந்த நொதிகள் சுமோவைக் கழற்றத் தொடங்கிவிடும். செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில், அந்த நொதிகளைத் தடுக்கும் என்-ஈத்தைல்மலீமைடு சேர்க்க வேண்டும், அன்றே புதிதாகக் கரைத்து. அதே குழாயில் டிடிடியோ மெர்கேப்டோஎத்தனாலோ இருந்தால் அது இதைச் செயலிழக்கச் செய்துவிடும். அவற்றைப் பிறகு சேருங்கள்.

இதைவிட எளிய வழி, மீடியத்தைக் கழுவிய கையோடு குழியிலேயே கொதிக்கும் லோடிங் பஃபரை ஊற்றிச் சுரண்டி எடுத்துக் கொதிக்க வைப்பது. டிஎன்ஏவால் பிசுபிசுவென்று இருக்கும்; மெல்லிய ஊசி வழியே நாலைந்து முறை இழுத்து விட்டால் சரியாகும். நான் வழக்கமான ரிப்பா பஃபரில் உடைத்து, மைக்ரோஃபியூஜில் சுழற்றி, தெளிந்த நீரை ஜெல்லில் ஏற்றினேன். வைரஸ் போட்டதிலும் பிஎம்எல் இல்லை, போடாததிலும் இல்லை. இந்தத் தடவை ஓடாமல், குப்பைத் தொட்டிக்குப் போகவிருந்த பெல்லட்டை (சுழற்றியதும் அடியில் படிந்த கசடு) எடுத்துக் கொதிக்கவைத்து அடுத்த ஜெல்லில் ஏற்றினேன். பிஎம்எல் உருண்டைகள் ரிப்பாவில் எளிதில் கரையாது. வைரஸ் போடாத செல்லின் ஏணி முழுவதும் அந்தப் பெல்லட்டில் இருந்தது.